நிறமி குறைக்கும் தாவரச் சேர்வைகள்: தேடலின் வரலாறு

தோலுக்குக் கருநிறம் தரும் நிறமி மெலனின். அது உடலில் உருவாகும் அளவைக் குறைக்கக்கூடிய இயற்கைச் சேர்வைகளைத் தேடி, ஒரு வட்டாரத்தின் சுதேசத் தாவரங்களை ஆய்வுகூடத்தில் வரிசையாகச் சோதித்துப் பார்க்கும் முறை நிறமிக் குறைப்புத் தெரிவுச் சோதனை எனப்படும். இலை, பட்டை, வேர், மரத்தின் வைரம் ஆகியவற்றை மெதனோல் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு இறக்கி, அந்தச் சாறு தைரோசினேஸ் என்னும் நொதியத்தை எவ்வளவு தூரம் தடுக்கிறது என்று அளப்பது இதன் முதற்படி. தேடலின் முடிவில் கிடைப்பது மங்கு, பரு ஆறிய இடத்துக் கருமை போன்ற நிறமிக் கோளாறுகளுக்கான மருந்தாகவும் இருக்கலாம். தோலை வெளுக்கச் செய்யும் அழகுப் பூச்சாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே சோதனையில் பிறப்பதால் ஒன்றின் நற்பெயரில் மற்றது விற்பனையாகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட இத்துறையின் வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. நொதியத்தைத் தடுக்கும் தாவரங்களைக் கண்டுபிடிப்பது எளிது. அவை மனிதத் தோலில் வேலை செய்யும், தீங்கு செய்யாது என்று நிறுவுவதுதான் கடினம். ஆகவே திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய் போன்ற தாவர வளமுள்ள உலர் வலயப் பகுதியில் இத்தேடல் நடைபெறுவதானால், அது நோயைக் குறிவைத்து, மனித நொதியத்தையும் மனிதப் பாதுகாப்பையும் அளவுகோலாகக் கொண்டு நடைபெற வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

நொதியத்தின் கண்டுபிடிப்பு

வெட்டிய காளான் சிறிது நேரத்தில் கறுத்துப்போவதன் காரணத்தைத் தேடிய பூர்க்லோ, பெர்த்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர்கள் 1895இல் அதற்குக் காரணமான நொதியத்தை அடையாளங் கண்டனர். தைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மீது செயற்படுவதால் அது தைரோசினேஸ் எனப் பெயர் பெற்றது. செம்பு அணுக்களைத் தன் செயல்மையத்தில் கொண்ட இந்த நொதியம் தைரோசினை டோப்பா என்ற பொருளாகவும், டோப்பாவை டோப்பாகுயினோனாகவும் மாற்றுகிறது. அதன்பின் நிகழும் தொடர்வினைகளின் முடிவில் மெலனின் உருவாகிறது. 1913இல் அவரை இன விதையொன்றிலிருந்து குகன்ஹைம் டோப்பாவைப் பிரித்தெடுத்தார். 1917இல் சுவிட்சர்லாந்தின் தோல் மருத்துவர் புரூனோ பிளொக், தோலின் மெல்லிய சீவல்களை அந்த டோப்பாக் கரைசலில் இட்டபோது நிறமிக் கலங்கள் மட்டும் கறுப்பதைக் கண்டார். காளானில் நடப்பதற்கு நிகரான வினை மனிதத் தோலிலும் நடக்கிறது என்பது அத்துடன் உறுதியாயிற்று. 1920களில் இங்கிலாந்தின் ரேப்பர் வினைகளின் வரிசையை வகுத்தார்.

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசுவாமியும் 1937இல் பூனைக்காலி விதையிலிருந்து டோப்பாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். காயின் மேலுள்ள சுணை பட்டால் தாங்க முடியாமல் அரிக்கும் அந்தக் கொடி, இலங்கையின் உலர் வலயப் பற்றைகளிலும் படர்ந்து கிடப்பது. நிறமி குறைக்கும் தாவரத்தைத் தேடும் சோதனையில் நொதியத்துக்கு உணவாக ஊற்றப்படும் பொருள் இந்த டோப்பாவேதான். நிறமியைக் கட்டும் பொருளும் அதைத் தடுக்கும் பொருளும் ஒரே காட்டில் அருகருகே வளர்கின்றன.

தோல் நிறம் பற்றிய தவறான எண்ணமொன்றையும் இந்த ஆய்வுகள் திருத்தின. கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் நிறமிக் கலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொரு நிறமிக் கலமும் தன்னைச் சூழ்ந்த ஏறத்தாழ 36 தோற்கலங்களுக்கு நிறமித் துணிக்கைகளை அனுப்புகிறது என்ற கருத்தை ஃபிட்ஸ்பற்றிக்கும் பிரெத்னாக்கும் 1963இல் முன்வைத்தனர். துணிக்கைகளின் அளவும், அவை சிதையாமல் நிலைக்கும் காலமும், உள்ளிருக்கும் மெலனினின் வகையுமே நிற வேறுபாட்டை உண்டாக்குகின்றன. அந்த மெலனின் புறஊதாக் கதிரிலிருந்து கலத்தின் கருவைக் காக்கும் கவசம். வயல் வரம்பில் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஒருவருக்கு அந்தக் கவசம் உடல் செய்துகொண்ட ஏற்பாடு. அதைக் குறைக்கும் எந்தப் பொருளும் எதைப் பறிக்கிறது என்பதைச் சேர்த்தே எடைபோடப்பட வேண்டும்.

பழைய வெளிற்றிகளும் அவற்றின் விலையும்

தாவரங்கள் மீது உலகின் கவனம் திரும்பியதற்கு முந்தைய வெளிற்றிகள் செய்த கேடு ஒரு பெரிய காரணம். இரச உப்புகள் தைரோசினேசின் செம்பின் இடத்தைப் பற்றிக்கொண்டு நிறமி உருவாவதைத் தடுக்கின்றன. அதே இரசம் தோல் வழியே குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லிலுள்ள ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரில் 15 பேரிடம் அந்நோயின் ஒரு குறிப்பிட்ட வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் தோல் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். இரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் 2017இல் அதை உறுதிப்படுத்தியது. அதன்படி பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசம் கொண்ட அழகுப் பொருள்களின் உற்பத்தியும் ஏற்றுமதி இறக்குமதியும் 2020உடன் நின்றிருக்க வேண்டும். சட்டம் சொல்வதும் கடை அலுமாரியில் கிடைப்பதும் தெற்காசியாவில் இன்னும் ஒன்றாகவில்லை.

ஐதரோகுயினோன் குடும்பத்தின் கதை வேறு. 1939இல் அமெரிக்காவின் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் றப்பர்க் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகளில் வெண்திட்டுகள் தோன்றின. கையுறை பழுதடையாமலிருக்கச் சேர்த்த மொனோபென்சோன் என்ற பொருளே காரணம் என ஆலிவர், சுவாட்ஸ், வாரன் ஆகியோர் கண்டறிந்தனர். தொழில்வழி வந்த அந்தக் காயத்திலிருந்துதான் வேதிப்பொருளால் தோலை வெளுக்கலாம் என்ற நவீன எண்ணம் பரவியது. 1960களில் ஐதரோகுயினோன் மருத்துவத்துக்கு வந்தது. 1975இல் ஃபிண்ட்லேயும் துணைவரும் தென்னாபிரிக்காவிலிருந்து எழுதிய அறிக்கை, அதை நீண்டகாலம் பூசிய பெண்களின் முகத்தில் நீலங்கலந்த கருமை நிரந்தரமாகப் படிந்துவிடுவதைக் காட்டியது. வெளுக்கப் பூசியது கறுக்கச் செய்தது. தென்னாபிரிக்கா 1990இல் அழகுப் பொருள்களில் அதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் அவ்வாறே செய்தது. தோல் மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் மங்குக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஒரே பொருள் மருத்துவர் கையில் மருந்தாகவும் கடையில் நஞ்சாகவும் இருந்த அனுபவம் இத்துறை முழுவதற்கும் பொருந்தும்.

தாவரங்களை நோக்கிய திருப்பம்

இயற்கைப் பொருள்களில் முதலில் நிலைபெற்றது கோஜிக் அமிலம். அரிசியைப் புளிக்கவைக்கும் கோஜிப் பூஞ்சணத்தில் 1907இல் சாய்ட்டோ இதைக் கண்டறிந்தார். அடுத்துக் கரடிப்பழச் செடியின் இலையிலுள்ள ஆர்புட்டின், அதிமதுரத்தின் கிளப்ரிடின் ஆகியவை வந்தன. 1980களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் கோஜிக் அமிலத்தையும் ஆர்புட்டினையும் அரசின் ஒப்புதலுடன் சந்தைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் அதற்கு முன்பே, 1975இல், இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபெயார் அண்ட் லவ்லி கிறீமை அறிமுகப்படுத்தி, வெளுப்பைப் பெண்ணின் திருமணத்தோடும் வேலையோடும் முடிச்சுப்போடும் விளம்பர மரபொன்றைத் தொடங்கியிருந்தது. 2020இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. சந்தை இவ்வாறு விரிந்த காலத்தில்தான் வெப்பமண்டலக் காடுகளை நோக்கி ஆய்வாளர் திரும்பினர்.

இத்தேடலில் அதிகம் பேசப்பட்ட குடும்பம் பலா. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிமிசு, கொண்டோ, சக்காய் ஆகியோர் பப்புவா நியூகினியின் மரங்களை வரிசையாகச் சோதித்து, ஈரப்பலாவின் வைரத்தில் வலுவான தைரோசினேஸ் தடுப்பான்கள் இருப்பதை 1998இல் வெளியிட்டனர். ஈரப்பலா இலங்கையின் ஈரவலய வீட்டுத்தோட்டங்களில் எங்கும் நிற்கும் மரம். அவர்கள் வழிவந்த ஆய்வுகள் நம் பலாமரத்தின் வைரத்திலும் அத்தகைய சேர்வைகளைக் கண்டன. தாய்லாந்தின் சுலலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தார் லகூச்சா என்ற பலா இனத்தின் வைரச்சாற்றை 2006இல் மனிதரிடம் சோதித்தனர். ஒவ்வொரு குழுவிலும் 20 பெண்கள், மேற்கையில் 12 வாரம் பூசினர். 0.25 வீத லகூச்சாச் சாறு நான்காம் வாரத்திலேயே வேறுபாடு காட்டியது. 3 வீதக் கோஜிக் அமிலத்துக்கு ஆறு வாரமும் 0.25 வீத அதிமதுரச் சாற்றுக்குப் பத்து வாரமும் ஆயின. தாய்லாந்து நாட்டு மருத்துவத்தில் அதே வைரத்தூள் வயிற்றுப் புழுவுக்குக் கொடுக்கப்படும் மருந்து. நாட்டு வழக்கில் ஒரு தாவரம் எதற்குப் பயன்படுகிறதோ அதற்கே ஆய்வுகூடமும் அதைப் பயன்படுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. பெங்களூரின் சாமி லாப்ஸ் நிறுவனம் மஞ்சளிலிருந்தும் வேங்கையிலிருந்தும் கிடைக்கும் சேர்வைகளை இதே நோக்கில் உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

இலங்கையில் தேடலின் அடித்தளம்

எந்தத் தெரிவுச் சோதனைக்கும் முதல் தேவை, சோதிக்கப்படும் செடி எது என்ற நிச்சயம். இலங்கையில் அந்த அடித்தளம் பழமையானது. 1670களில் போல் ஹேர்மன் திரட்டிய செடித் தொகுப்பைக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். பேராதனைத் தோட்டத்தின் துவைற்ஸ் 1858 முதல் 1864 வரை வெளியிட்ட பட்டியலுக்கு மாதிரிகள் அனுப்பியவர்களுள், திருகோணமலையில் கிறிஸ்தவக் குருவாகப் பணியாற்றிய கிளெனியும் ஒருவர். 1893இல் வெளிவரத் தொடங்கிய ட்ரைமெனின் கையேடு ஒவ்வொரு செடியும் எந்த வலயத்தில் வளர்கிறது என்பதை வகுத்துத் தந்தது. மருத்துவத் துறையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமும், 1962இல் நாவின்னையில் தொடங்கிய பண்டாரநாயக்க ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனமும் சுதேச மருந்துகளுக்கு அரசு ஆதரவைக் கொண்டுவந்தன. 1955இல் தொடங்கிய அரசின் விஞ்ஞானக் கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. இந்நிறுவனமும் கொழும்புப் பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள் இலங்கை மருத்துவத் தாவரங்களைத் தைரோசினேஸ், எலஸ்டேஸ், ஹயலுரோனிடேஸ் ஆகிய மூன்று நொதியங்களுக்கு எதிராகச் சோதித்த முடிவுகள் 2018இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியாயின. நிறமி, சுருக்கம், தோலின் ஈரப்பதம் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்கிய அந்த ஆய்வு, இந்நாட்டுத் தாவரங்களை இந்நாட்டு ஆய்வுகூடத்திலேயே சோதிக்க முடியும் என்பதைக் காட்டியது.

சந்தை ஆய்வுக்கு முன்பே ஓடிவிட்டது. ஈரவலயக் காட்டுக் கொடியான மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல், இலங்கையின் முகப்பூச்சுகளிலும் சவர்க்காரங்களிலும் நெடுங்காலமாகச் சேர்க்கப்படுகிறது. அதன் தண்டுக்கு மஞ்சள் நிறம் தரும் பெர்பெரின் கிருமிகளுக்கு எதிராகச் செயற்படுவது நன்கு தெரிந்தது. வளர்ந்து பருக்கப் பல ஆண்டு எடுக்கும் அந்தக் கொடியை வேரோடு வெட்டியதால் அது அருகிவிட்டது. ஒரு தாவரத்தின் பெயர் ஒரு டப்பாவின் மேல் அச்சானால் காட்டில் அதற்கு என்ன நேரும் என்பதை மரமஞ்சள் காட்டுகிறது; கிழக்கின் தாவரங்களுக்கும் அது முன்னெச்சரிக்கை.

கந்தளாய் அயலின் தாவரங்கள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றரில் உள்ள கந்தளாய், பெருங்குளத்தையும் அதன்கீழ் விரியும் நெல்வயலையும் சூழ உலர் கலப்புக் காட்டையும் கொண்டது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியன அக்காட்டின் பெருமரங்கள். நீர்க்கரையில் மருது, பற்றைகளில் ஆவாரை, ஊரோரம் விளாவும் வில்வமும் நாவலும் நிற்கும். ஆவாரம்பூவும் நெல்லியும் குளியல் தூளுக்கும் தோல் நலத்துக்கும் தமிழ் வீடுகளில் பழகியவை. நவீன ஆய்வில் இவற்றின் பல சாறுகள் விற்றமின் சி போல ஒட்சியேற்ற எதிர்ப்பு காட்டுகின்றன. தெரிவுச் சோதனையில் முதலில் மின்னுவது பெரும்பாலும் இந்தப் பண்பே.

ஆனால் இக்காட்டின் ஒரு குடும்பம் கவனத்தைக் கோருகிறது. விளா, வில்வம், முதிரை மூன்றும் எலுமிச்சைக் குடும்பத்தவை. மியன்மாரில் பெண்கள் முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா மரமும் அதே குடும்பம். அதன் பட்டைச்சாறு அழற்சியைத் தணிப்பதில் வலுவாகவும் தைரோசினேசைத் தடுப்பதில் சிறிதளவாகவும் செயற்படுவதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே குடும்பத்தில் சொராலென் வகைச் சேர்வைகளும் உண்டு. அவை தோலில் படிந்தபின் வெயில் பட்டால் தோல் வெந்து, ஆறும்போது அடர்ந்த கருமை படரும். சொராலென் என்ற பெயரே கார்போகரிசிச் செடியின் தாவரவியற் பெயரிலிருந்து வந்தது. 1933இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் ஆகிய இந்திய அறிஞர்கள் அதன் விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். நிறமி இழந்த வெண்புள்ளித் தோலுக்கு நிறம் மீட்கவே கார்போகரிசி சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் பயன்பட்டது. 1940களில் எகிப்தின் எல் மொஃப்டி அதே வகைச் சேர்வையைக் கொண்டு வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்தார். 1970களில் அதுவே புறஊதா ஒளியோடு சேர்ந்த நவீன சிகிச்சையாயிற்று. முதிரைத் தூள் தச்சர்களின் தோலை அழற்றுவதும் நெடுநாளாகப் பதிவானதே. எனவே கந்தளாய்க் காட்டின் ஒரு சாறு குப்பியில் நொதியத்தைத் தடுத்தாலும் வெயிலில் தோலைக் கறுக்கச் செய்யலாம். ஒளி நச்சுச் சோதனை செய்யாத எந்தத் தெரிவும் இக்காட்டுக்குப் பொருந்தாது.

சோதனை எதை அளக்கிறது

வழக்கமான சோதனை நடைபெறுவது 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில். பி.எச். 6.8 அளவிலான தாங்கற்கரைசலில் காளான் தைரோசினேசும் தாவரச் சாறும் ஒவ்வொரு குழியிலும் சில துளி விடப்படும். பின்னர் டோப்பா சேர்க்கப்படும். தடை இல்லாத குழி சில நிமிடங்களில் செம்மஞ்சளாக மாறும். வலுவான தடுப்பான் உள்ள குழி வெளிறியே இருக்கும். 475 நனோமீற்றர் ஒளியில் கருவி அந்த நிறத்தை அளந்து, நொதியத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு வேண்டும் என்று கணக்கிடுகிறது. மலிவு, விரைவு, குறைந்த கருவி ஆகியவை இதன் சிறப்பு. சிறிய பல்கலைக்கழக ஆய்வுகூடமும் ஒரு வாரத்தில் பல பத்துச் சாறுகளைச் சோதிக்கலாம்.

இந்த எளிமையே ஏமாற்றவும் செய்கிறது. சாறு தானே நிறமுள்ளதாயின் அளவு பிறழும். விற்றமின் சி போன்ற பொருள் நொதியத்தைத் தொடாமலே, உருவான குயினோனைத் திரும்ப டோப்பாவாக மாற்றிவிடும். குழி வெளிறியிருப்பதைக் கண்டு தடுப்பான் என்று எழுதிவிடலாம். செம்பைப் பற்றிக்கொள்ளும் எந்தப் பொருளும் தடுப்பானாகத் தோன்றும், ஆனால் உடலில் செம்பு தேவைப்படும் நொதியங்கள் வேறும் உண்டு. இவற்றையெல்லாம் விடப் பெரிய ஐயம் நொதியத்தைப் பற்றியது. ஜெர்மனியின் பைர்ஸ்டோர்ஃப் நிறுவன ஆய்வாளர்கள் மனித தைரோசினேசை உருவாக்கி, 50,000 சேர்வைகளை அதற்கு எதிராகச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டனர். பல ஆண்டுகளாகப் பயன்படும் ஆர்புட்டினும் ஐதரோகுயினோனும் மனித நொதியத்தை மிக உயர்ந்த செறிவில் மட்டுமே தொட்டன. கோஜிக் அமிலமும் பலவீனமாகவே இருந்தது. அவர்கள் கண்டெடுத்த தையமிடோல் என்ற செயற்கைச் சேர்வை மனித நொதியத்தை 1.1 மைக்ரோமோலார் செறிவில் பாதியாகத் தடுத்தது. காளான் நொதியத்துக்கு அதற்கு 108 மைக்ரோமோலார் தேவைப்பட்டது. காளானைக் கொண்டு மட்டும் சலித்திருந்தால் அந்தச் சேர்வை கைநழுவிப் போயிருக்கும். தெற்காசியத் தாவர ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை காளான் நொதியத்தோடு முடிந்துவிடுகின்றன. அவற்றின் பட்டியல்களில் சிறந்தவை என்று இடம்பெற்ற சில தாவரங்கள் மனிதத் தோலில் பயனற்றவையாகவும், கைவிடப்பட்ட சில தாவரங்கள் பயனுள்ளவையாகவும் இருக்கக்கூடும். அப்பட்டியல்கள் தொடக்கக் குறிப்பு என்ற அளவிலேயே மதிக்கத்தக்கவை.

இயற்கை என்பதும் தீங்கின்மை என்பதும்

தாவரத்திலிருந்து வந்ததால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கு 2013 ஜூலையில் ஜப்பான் விடை தந்தது. பூர்ச்ச மரத்திலும் மேப்பிள் இனப் பட்டையிலும் இயல்பாகக் காணப்படும் ரொடோடென்ட்ரோல், 2008இல் அரசின் ஒப்புதல் பெற்று, கனேபோ நிறுவனத்தின் பூச்சுகளில் 2 வீத அளவில் சேர்க்கப்பட்டது. பூசியவர்களின் முகம், கழுத்து, கைகளில் வெண்திட்டுகள் தோன்ற, நிறுவனம் தன் பொருள்களைத் திரும்பப் பெற்றது. 18,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். தைரோசினேஸ் அந்தச் சேர்வையையே தன் உணவாக எடுத்துக்கொண்டு நச்சுக் குயினோனாக மாற்ற, அது நிறமிக் கலங்களையே கொன்றது என்பது பின்னர் தெளிந்தது. 1939இல் கையுறைத் தொழிலாளருக்கு நேர்ந்ததே வேறு பெயரில் திரும்ப வந்தது. ஒப்புதல், மனிதச் சோதனை, பெரிய நிறுவனம், தாவர மூலம் ஆகிய நான்கும் இருந்தும் காக்கவில்லை. பலருக்குத் திட்டுகள் மெல்ல நிறம் பெற்றன, சிலருக்கு நிலைத்தன. நொதியத்தோடு பொருந்தும் பீனோல் வகைச் சேர்வை எதுவாயினும், அது தடுப்பானா அல்லது உணவாகி நஞ்சாகிறதா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் தோலில் ஏறக்கூடாது என்பது அன்றுமுதல் இத்துறையின் அடிப்படை விதியாக வேண்டியது.

எதிர்வாதங்களும் மறுமொழியும்

நம் முன்னோர் நலங்குமாவும் மஞ்சளும் பூசி வாழ்ந்தனர், தலைமுறைகளின் அனுபவமே சோதனை என்பது முதல் எதிர்வாதம். அனுபவத்தை மதிக்க வேண்டும். ஆனால் அந்த அனுபவம் எந்தப் பயன்பாட்டைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். நலங்குமா பூசி, சில நிமிடத்தில் கழுவப்படுவது. நீரில் கரைவதே தோலைத் தொடும். தெரிவுச் சோதனை தருவது மெதனோலில் இறக்கிச் செறிவூட்டிய சாறு. அது கிறீமில் ஏறி இரவு முழுக்க, மாதக்கணக்கில் தோலில் இருக்கும். முன்னதன் பாதுகாப்பு பின்னதற்குச் சான்றாகாது. நலங்குமாவின் பல பக்குவங்களில் நிறம் கூட்டும் கார்போகரிசியே சேர்க்கப்படுவதிலிருந்து, அத்தூளின் பழைய நோக்கம் வெளுப்பு மட்டுமன்று, தோல் நோய் வராமல் காப்பதும் ஆகும் என்று கொள்ள இடமுண்டு.

மக்கள் எப்படியும் வெளுக்கும் பூச்சு வாங்கத்தான் போகிறார்கள், இரசக் கிறீமை விடச் சுதேச மூலிகைக் கிறீம் மேலல்லவா என்பது இரண்டாவது. இதில் வலு உண்டு. நஞ்சைக் குறைப்பது நன்மையே. ஆயினும் சோதிக்கப்படாத மூலிகைக் கிறீம் இரசக் கிறீமின் இடத்தைப் பிடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மூலிகை என்ற முகப்போடு இரசமோ ஸ்டீரொய்டோ கலந்த பொருள்கள் உலகெங்கும் பிடிபட்டுள்ளன. இரசத்தை ஒழிப்பது சந்தைக் கண்காணிப்பின் வேலை. அதற்குப் பதிலாகக் காட்டை நம்புவது பொறுப்பைத் தள்ளிவிடுவதாகும்.

நிறவெறிக்குத் துணைபோகும் இந்த ஆய்வையே கைவிட வேண்டும் என்பது மூன்றாவது. சென்னையில் 2009இல் தொடங்கிய கறுப்பே அழகு என்ற இயக்கம் சுட்டிக்காட்டிய காயங்கள் உண்மையானவை. வெளுப்பை மேன்மையாக்கும் விளம்பரத்துக்கு அறிவியல் தன் பெயரைக் கடன் கொடுக்கக்கூடாது. ஆனால் மங்கு ஒரு நோய். கருவுற்ற காலத்திலும் அதன் பின்னும் கன்னங்களில் படரும் அந்தக் கருந்திட்டு, வெயிலில் வேலைசெய்யும் பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் நிலைத்து மனவேதனை தருவது. தீக்காயமோ பருவோ ஆறியபின் கறுத்த தோலில் தங்கும் கருமையும் அவ்வாறே. இவர்களுக்கு நல்ல மருந்து வேண்டும். ஆய்வைக் கைவிட்டால் இழப்பவர்கள் நோயாளிகள். விளம்பரதாரர் வேறு பொருளைத் தேடிக்கொள்வர். இலக்கை நோயாக வரையறுப்பதே இரு பக்கத்துக்கும் நியாயம் செய்யும் வழி.

கந்தளாய் போன்ற தொலைவிடத்தில் இதற்கெல்லாம் வசதி ஏது என்பது இறுதி எதிர்வாதம். எல்லாப் படியும் அங்கே நடக்க வேண்டியதில்லை. செடியைச் சரியாக அடையாளங் கண்டு, மாதிரியைப் பேராதனைத் தேசியச் செடித் தொகுப்பில் வைப்பது, எந்தப் பருவத்தில், எந்தப் பாகத்தை, எவ்வளவு எடுக்கலாம் என்று அறிவது, மங்கு நோயாளிகளை முறையாகப் பதிவுசெய்து பல மாதம் தொடர்வது ஆகியவை இடத்தோடு ஒட்டிய பணிகள். திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டக் கல்வியாக நடைபெறுகிறது. செடியையும் நோயாளியையும் ஒருசேர அறிந்தவர்கள் அங்கே உருவாகின்றனர். மனித நொதியச் சோதனையும் ஒளி நச்சுச் சோதனையும் கொழும்பிலோ வெளிநாட்டிலோ நடக்கலாம். அப்போது எழும் கேள்வி உரிமை பற்றியது. இலங்கை 1994இல் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையை ஏற்றது. தன் உயிர்வளத்தின் மீது நாட்டுக்குள்ள உரிமையை அது உறுதிசெய்கிறது. அயலிலுள்ள கவுடுல்லை, சோமாவதிய தேசியப் பூங்காக்களில் தாவரங்களை அகற்றுவது 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மாதிரி வெளியே போகுமுன் யாருடைய அறிவு, யாருடைய செடி, பயனில் யாருக்குப் பங்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மரமஞ்சளுக்கு நேர்ந்தது மருதுக்கும் விளாவுக்கும் நேராமல் காப்பது அந்த எழுத்தே.

மதிப்பீடு

1895 முதல் இன்றுவரை இத்துறை சேர்த்த அறிவை ஒருங்கே நோக்கினால், தடுப்பான்களின் பட்டியல் நீண்டிருக்கிறது. நம்பத்தக்க மருந்துகளின் பட்டியல் மிகக் குறுகியது. இந்த இடைவெளிக்குக் காரணம் தாவரங்களின் வறுமை அன்று, கேட்ட கேள்வியின் பிழை. எது வெளுக்கும் என்று கேட்டபோது காளான் நொதியமும் ஒரு மாத விளம்பரமும் போதுமானவையாகத் தோன்றின. எந்த நோய் குணமாகும், யாருக்கு, எவ்வளவு காலம், எந்தத் தீங்குமின்றி என்று கேட்டால் மனித நொதியம், ஒளி நச்சு, நிறமிக் கலத்தின் உயிர், நெடுங்காலத் தொடர் கண்காணிப்பு ஆகிய நான்கும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இடம்பெறும். கிழக்கின் உலர் காடு அத்தகைய கேள்விக்கு விடை தரக்கூடிய செடிகளைக் கொண்டது. நல்ல வெயில் காப்புடன் சேர்ந்து மங்கு நோயைத் தணிக்கும் ஒரே ஒரு சேர்வையாவது அங்கிருந்து முறையாக நிறுவப்பட்டால், நூறு தடுப்பான்களின் பட்டியலை விட அது நோயாளிக்கும் காட்டுக்கும் கூடுதலான நன்மை செய்யும்.